பெயராய் எஞ்சும் கட்டடங்கள்: சென்னை நகர அடையாளக் கட்டடங்களும் அவற்றைக் காத்தலும்

முன்னுரை

சென்னைப் புறநகர் மின்தொடர் வண்டிகளின் கால அட்டவணையில் 'மூர் மார்க்கெட் வளாகம்' என்றொரு முனையம் இடம்பெறுகிறது. நாள்தோறும் பல்லாயிரவர் அங்கு வந்து இறங்குகின்றனர். ஆனால் அங்கு மார்க்கெட் எதுவும் இல்லை. 1985 மே 30 அன்று தீக்கிரையான ஒரு சந்தைக் கட்டடத்தின் பெயரை, அச்சந்தை நின்ற மனையில் எழுந்த தொடர்வண்டி முனையம் சுமந்து நிற்கிறது. இடம் மாறிய பின்னும் பெயர் மாறாதிருத்தல் சென்னையில் அரிய நிகழ்வன்று. நகரின் பேச்சுவழக்கில் வழங்கும் இடப்பெயர்களுள் கணிசமானவை, இன்று இல்லாத அல்லது தன் தொழிலை இழந்த கட்டடங்களின் பெயர்களே ஆகும்.

ஒரு நகரம் தன் அடையாளக் கட்டடங்களை எவ்வாறு அறிகிறது, சட்டம் அவற்றை எவ்வாறு அறிகிறது, இவ்விரு அறிதல்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் கட்டடங்கள் எவ்வாறு அழிகின்றன அல்லது பிழைக்கின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. மூர் மார்க்கெட், அண்ணா சாலையிலுள்ள பரத் இன்சூரன்ஸ் கட்டடம், அதே சாலையிலுள்ள எல்.ஐ.சி. கட்டடம் ஆகிய மூன்றும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. பிற கட்டடங்கள் தேவை நோக்கிச் சுட்டப்படுகின்றன.

மக்கள் இட்ட பெயர்கள்

கட்டடத்தைக் கட்டியவர் இடும் பெயர் ஒன்று. அதனைப் புழங்கும் மக்கள் இடும் பெயர் மற்றொன்று. எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சென்னை மக்கள் 'செத்த காலேஜ்' என்றும், மூர் மார்க்கெட்டுக்கு அருகே இருந்த உயிர்க்காட்சிச் சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் வழங்கினர். பாடம் செய்யப்பட்ட விலங்குகள் ஓரிடத்தும் உயிருள்ள விலங்குகள் மற்றோரிடத்தும் வைக்கப்பட்டிருந்தமையே காரணம். 'காலேஜ்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பெரிய அரசுக் கட்டடம் என்ற பொருளில் ஆண்டு, அதற்குச் 'செத்த', 'உயிர்' என முரண்பட்ட அடைகளைத் தந்த இவ்வழக்கு, பெயரிடுவதில் எளிய மக்கள் காட்டிய கூர்மைக்குச் சான்றாகும். உயிர்க்காட்சிச் சாலை 1985-இல் வண்டலூருக்குப் பெயர்ந்த பின் 'உயிர் காலேஜ்' என்ற சொல்லும் முதியோர் பேச்சில் மட்டுமே எஞ்சியது. இணையில் ஒன்று போகவே, 'செத்த காலேஜ்' என்பதன் நயமும் மங்கிற்று.

திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் இதற்கு மாறான போக்கினைக் காட்டுகிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமிக்கப் பிரெடரிக் டியூடரின் நிறுவனம் 1842-இல் கட்டியது அது. பனிக்கட்டி வணிகம் நின்றபின் அது பிலிகிரி ஐயங்காரின் இல்லமாயிற்று. 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கினார். 1963-இல் அது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. எனினும் சுற்றுப்புறத்தின் பெயர் ஐஸ் ஹவுஸ் என்றே நிலைத்துவிட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பனிக்கட்டியைக் காணாத கட்டடம் ஒரு வட்டாரத்துக்கே பெயர் தந்து நிற்கிறது.

யானைகவுனி, வால்டாக்ஸ் சாலை ஆகியவையும் இவ்வகையினவே. 1758-59-இல் பிரெஞ்சுப் படை நகரை முற்றுகையிட்டபின், கறுப்பர் நகரைச் சுற்றி மதில் எழுப்பப்பட்டது. மதிலின் வாயில்களுள் ஒன்று யானைகவுனி. மதிற்செலவை ஈடுகட்டக் கருதப்பட்ட வரி, சாலையின் பெயரில் நிலைத்தது. இன்று மதிலின் ஒரு துண்டு மட்டும் பழைய வண்ணாரப்பேட்டைப் பகுதியின் மாடிப் பூங்காவாக எஞ்சியுள்ளது. மதில் போனாலும் 'கவுனி' என்ற சொல் போகவில்லை. பெயர்கள் இவ்வாறு நிலைப்பது மகிழ்ச்சிக்குரியது போல் தோன்றலாம். ஆயினும் பெயர் நிலைத்திருப்பதே, கட்டடம் போனதை எவரும் உணராமற் போவதற்கும் துணைசெய்கிறது என்பதைக் கருதவேண்டும்.

மூர் மார்க்கெட்: காப்பில்லாக் காலத்தின் சான்று

சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்ட, 1900-இல் திறக்கப்பட்டது மூர் மார்க்கெட். நடுவே முற்றமும் சுற்றிலும் கடைகளும் கொண்ட செங்கற் கட்டடம் அது. இந்தோ-சாரசெனிக் பாணி என்று கட்டடக்கலை வரலாற்றாசிரியர் குறிப்பிடும் கலப்புப் பாணியில், வளைவுகளும் சிறு கோபுரங்களும் அமைய எழுப்பப்பட்டது. இறைச்சி, காய்கனி முதலியவற்றுக்கென அமைந்த சந்தை, நாளடைவில் பழம்பொருள்களுக்கும் பழைய நூல்களுக்கும் உரிய இடமாயிற்று. தமிழ் ஆய்வுலகுக்கு அதன் முதன்மை இங்கேதான் உள்ளது. அச்சில் அற்றுப்போன நூல்கள், நின்றுபோன இதழ்களின் தொகுதிகள், கலைக்கப்பட்ட வீட்டு நூலகங்களின் எச்சங்கள் யாவும் அங்கு வந்து சேர்ந்தன. ஏழை மாணவருக்குப் பாடநூலும், நூல் சேகரிப்போர்க்கு அரிய முதற்பதிப்பும் ஒரே கடைத்திட்டில் கிடைத்தன.

சென்ட்ரல் நிலையத்தை விரிவாக்கத் தொடர்வண்டித் துறைக்கு நிலம் தேவைப்பட்ட சூழலில், சந்தையின் எதிர்காலம் விவாதப்பொருளாயிருந்தபோதே தீவிபத்து நிகழ்ந்தது. அப்போது சென்னையில் இத்தகைய கட்டடத்தைக் காக்க வல்ல நகர்ப்புற விதி ஏதும் இல்லை. தீயில் எஞ்சிய சுவர்களைப் பழுதுபார்க்கலாமா என்று கேட்கும் கடமையுடைய அமைப்பும் இல்லை. வணிகர்கள் அருகிலிருந்த அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினர். பழைய நூல் வணிகம் அங்குத் தொடர்ந்தது எனினும், நகரத்தார் நடந்துசெல்லும் வழியில் இருந்த முற்றமும் வளைவுகளும் இல்லாமையால் பழைய கூட்டம் திரளவில்லை. தொடர்வண்டி நிலைய வளாகத்தில் சந்தையின் சிறு மாதிரி ஒன்று வைக்கப்பட்டது. பையைத் தூக்கிக்கொண்டு விரையும் பயணியருள் அதனை நின்று நோக்குவோர் சிலரே.

சட்டத்தின் பார்வை

இந்தியாவில் பழங்கட்டடங்களைக் காக்கும் முதன்மைச் சட்டம் 1958-ஆம் ஆண்டின் தொல்பழமைச் சின்னங்கள் பற்றிய மத்தியச் சட்டமாகும். குறைந்தது நூறாண்டு நிலைத்திருந்தவையே அச்சட்டப்படி தொல்பழமைச் சின்னங்கள். 2010-ஆம் ஆண்டுத் திருத்தம், காக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வரையறுத்தது. தமிழ்நாட்டுக்கெனத் தனிச்சட்டம் 1966-இல் இயற்றப்பட்டது.

இச்சட்டங்கள் கோயில், கோட்டை, குடைவரை, கல்வெட்டு ஆகியவற்றை மனத்திற்கொண்டு எழுந்தவை. ஆள் குடியிருக்கும், கடை நடக்கும், கூட்டம் கூடும் நகர்ப்புறக் கட்டடங்கள் அவற்றின் வலையில் எளிதில் அகப்படுவதில்லை. நூறாண்டு என்பது தகுதிக்கான வாயில் மட்டுமே. அவ்வாயிலைக் கடந்தவை யாவும் காப்புப் பெறுவதில்லை, அறிவிக்கை வெளியாக வேண்டும். வாழும் கட்டடத்தை அவ்வாறு அறிவிக்கவும் அரசுகள் தயங்கின. அதற்குக் காரணமும் உண்டு. சுற்றிலும் முந்நூறு மீட்டர் வரை கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் விதியை அண்ணா சாலை போன்ற வணிகத் தெருவில் நடைமுறைப்படுத்துவது எளிதன்று.

இவ்விடைவெளியை நிரப்ப முனைந்த முதல் நகரம் மும்பை. 1995-இல் அங்கு வகுக்கப்பட்ட விதிகள் கட்டடங்களை மூன்று தரங்களாகப் பகுத்தன. முதல் தரத்தில் மாற்றமே கூடாது. மூன்றாம் தரத்தில் தெருவின் தோற்றம் கெடாதவரை மாற்றம் செய்யலாம். இப்பகுப்பின் சிறப்பு, எல்லாவற்றையும் கோயில்போல் காக்கவேண்டும் என்னும் நிர்ப்பந்தத்தை நீக்கியமையே. சென்னைக்கு அத்தகைய ஏற்பாடு வரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அதுவும் ஒரு வழக்கின் வழியாகவே வந்தது.

பரத் இன்சூரன்ஸ் கட்டடம்

அண்ணா சாலையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் கூடும் முனையில் நிற்கிறது இக்கட்டடம். பொதுப்பணித் துறையைச் சார்ந்த ஜே.எச். ஸ்டீபன்ஸ் என்பவரால் 1897-இல் உருவாக்கப்பட்டது. டபிள்யூ.இ. ஸ்மித் அண்ட் கம்பெனி என்னும் மருந்து வணிக நிறுவனத்தின் காட்சிக்கூடமாகக் 'கார்டில் பில்டிங்' என்ற பெயரோடு அது விளங்கியது. கூர்முடிக் கோபுரங்களும், செங்கல் முகப்பும், தெருவை நோக்கிய வளைவுகளும் கொண்டது. 1896-இல் லாகூரில் தோன்றிய பரத் இன்சூரன்ஸ் நிறுவனம் 1934-இல் அதனை வாங்கியது. 1956-இல் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையானபோது 245 நிறுவனங்களின் சொத்துகள் ஒன்றிணைந்தன. அவ்வகையில் இக்கட்டடமும் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கைக்கு வந்தது. அக்கழகம் அதனைத் தானாகத் தேடி வாங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வேண்டி வாங்கிய உடைமைக்கும் வந்து சேர்ந்த உடைமைக்கும் உரிமையாளர் காட்டும் அக்கறை வேறுபடுவது உலக இயல்பு.

2006-இல், கட்டடம் சிதைந்து ஆபத்தான நிலையில் உள்ளது என்ற அடிப்படையில் இடிப்புத் தொடங்கியது. ஒரு பகுதி இடிபட்ட நிலையில் இன்டாக் அமைப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது, இடிப்பு நிறுத்தப்பட்டது. 2010 ஏப்ரல் 29 அன்று நீதியரசர்கள் பிரபா ஸ்ரீதேவன், பி.பி.எஸ். ஜனார்த்தன ராஜா ஆகியோர் வழங்கிய தீர்ப்பு கட்டடத்தைக் காக்கும் வகையில் அமைந்தது. பாரம்பரியக் கட்டடங்கள் தொடர்பான கருத்துரை வழங்க ஒரு காப்புக் குழு அமைய வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் விளைவாயிற்று. அதற்கு முன்பே, விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்கொன்றின் தொடர்ச்சியாக நீதியரசர் இ. பத்மநாபன் தலைமையிலான குழு நகரின் பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டிருந்தது. அப்பட்டியலில் இடம்பெற்றவை 467. கட்டடங்களை மறைக்கும் பலகைகளை அகற்றச் சென்ற இடத்தில் கட்டடங்களின் பட்டியல் கிடைத்தது ஒரு நல்விபத்து எனலாம். இன்றளவும் சென்னையில் எது பாரம்பரியக் கட்டடம் என்னும் வினா எழும்போதெல்லாம் அந்தப் பட்டியலே முதலில் புரட்டப்படுகிறது.

தீர்ப்பு கட்டடத்தை இடிப்பிலிருந்து காத்தது, மழையிலிருந்து காக்கவில்லை. தீர்ப்பு வந்து பத்தாண்டு கடந்த பின்னரும் அது பயனின்றிப் பூட்டியே கிடந்தது. கூரை திறந்த இடங்களில் நீர் இறங்கி, சுவர்ப் பிளவுகளில் ஆலும் அரசும் வேர்விட்டன. இடிக்கக் கூடாது என்று ஆணையிடுவது நீதிமன்றத்துக்கு எளிது. பழுதுபார், பயன்படுத்து என்று ஆணையிட்டு அதனை நிறைவேற்றச் செய்வது அரிது. உரிமையாளரின் நிலையையும் எண்ணிப்பார்க்க வேண்டும். நகரின் விலையுயர்ந்த சாலையொன்றில் பல மாடிகள் எழுப்பத்தக்க மனை முடங்கிக் கிடக்கிறது. அதைக் காப்பதன் பயன் நகரத்தார் அனைவருக்கும். செலவு உரிமையாளர் ஒருவருக்கு. இம்முரணைத் தீர்க்கவே, கட்டடத்தைக் காப்போர் தாம் இழக்கும் கட்டுமானப் பரப்பை வேறோர் இடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ இடந்தரும் 'வளர்ச்சி உரிமை மாற்றம்' என்னும் முறை வகுக்கப்பட்டது. சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டமும் அம்முறையை ஏற்றுள்ளது. ஏட்டில் உள்ள அளவுக்கு அது தெருவில் பயன்படவில்லை என்பதற்குப் பரத் கட்டடமே சான்று. 2012-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும் பத்தாண்டுக்கு மேல் நடைமுறைக்கு வராமல் காத்திருந்தது.

சுண்ணாம்பும் சொற்களும்

பழுதுபார்த்தல் என்பது பணத்தால் மட்டும் ஆவதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னைக் கட்டடங்களின் கூரை பெரும்பாலும் 'மெட்ராஸ் டெரஸ்' எனப்படும் முறையில் அமைந்தது. சுவர்மேல் மர உத்தரங்களும் அவற்றின்மேல் குறுக்குக் கட்டைகளும் பரப்பப்படும். கட்டைகளின்மீது மெல்லிய செங்கற்கள் சுண்ணாம்புச் சாந்தில் விளிம்பில் நிறுத்தப்பட்டு மூலைவாட்டாக வரிசையிடப்படும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை பரப்பப்பட்டு, மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடித்து இறுக்கப்படும். அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளிக்கப்படும். இறுதியில் தட்டோடு பதிக்கப்படும். இவ்வேலையில் அவசரம் கூடாது. சுண்ணாம்பை நீற்றவும், புளிக்கவைக்கவும், அரைக்கவும், பதம் பார்க்கவும் நாள் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கட்டடங்கள் சிமெண்டால் ஒட்டுப்போடப்பட்டன. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட அவ்வேலையே பல கட்டடங்களுக்குத் தீங்காயிற்று. சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உப்புகளைக் கரைத்துச் செங்கல்லின் முகத்தை உதிர்க்கும். மர உத்தரத்தின் முனையை உளுக்கச் செய்யும். வெளியே வழவழப்பாகத் தோன்றும் சுவர் உள்ளே பொடியாகிக்கொண்டிருக்கும்.

சேப்பாக்கம் அரண்மனை வளாகத்தின் கலச மகால் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஆற்காட்டு நவாபுக்காகப் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த அக்கட்டடம், பின்னர் அரசு அலுவலகங்களின் இருப்பிடமாயிற்று. 2012 ஜனவரியில் நேர்ந்த தீவிபத்தில் கூரை சரிந்தது. தீயணைப்புப் படையினர் ஒருவர் உயிர்நீத்தார். இடித்துவிடலாம் என்ற முடிவுக்கு வர அதுவே போதிய காரணமாயிருந்திருக்கும். ஆனால் பொதுப்பணித் துறை அதனைச் சுண்ணாம்பு கொண்டு பழைய முறையில் புதுப்பித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கு இடம்பெற்றது. மூர் மார்க்கெட்டுக்கும் கலச மகாலுக்கும் நேர்ந்தது தீதான். இடையில் கழிந்த 27 ஆண்டுகளில் நகரம் கற்றதே வேறுபாடு.

இப்பணிகளுக்குத் தேவையான கொத்தனார்கள் சென்னையில் அருகிவிட்டனர். அவர்களோடு அருகிவருவது ஒரு சொற்றொகுதியும்கூட. காரை, சுதை, நீற்றுதல், பதம், கரணை, மணியாசுக் கட்டை, தூக்குக்குண்டு எனத் தொடரும் தொழிற்சொற்களுள் சில சிமெண்டுக் காலத்திலும் தொடர்கின்றன. கலவையின் புளிப்பையும் இறுக்கத்தையும் குறித்த நுண்சொற்கள் செயலோடு சேர்ந்தே மறைகின்றன. தமிழ் அகராதியியல், வேளாண் சொற்களுக்கும் மீனவர் சொற்களுக்கும் காட்டிய ஆர்வத்தை நகரக் கட்டுமானத் தொழிலாளர் சொற்களுக்குக் காட்டவில்லை. புதுப்பிப்புப் பணி நடைபெறும் இடங்களே இன்று அச்சொற்களைக் களத்தில் கேட்டுத் தொகுக்கத்தக்க இடங்களாக உள்ளன.

நூறாண்டு ஆகாத அடையாளம்

பரத் கட்டடத்தின் உரிமையாளருக்கு அதே சாலையில் மற்றொரு கட்டடமும் உண்டு. எம்.சி.டி.மு. சிதம்பரம் செட்டியாரின் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனம் 1953-இல் தொடங்கிய உயர்மாடிக் கட்டடம் அது. அவர் 1954-இல் சிங்கப்பூரில் நேர்ந்த வானூர்தி விபத்தில் மறைந்தார். நாட்டுடைமையாக்கத்தால் கட்டடம் எல்.ஐ.சி.க்கு உரியதாயிற்று. லண்டனைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் வகுத்த திட்டத்தை எல்.எம். சித்தாலே முடித்துவைத்தார். 1959 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது 177 அடி உயரத்தில் இந்தியாவின் உயர்ந்த கட்டடமாக அது விளங்கியது. அப்பெருமை ஈராண்டே நீடித்தது. எனினும் கிராமத்திலிருந்து பட்டணம் வந்தவன் எல்.ஐ.சி.யை அண்ணாந்து பார்க்கும் காட்சி தமிழ்த் திரைப்படத்தில் ஒரு மரபாகவே ஆயிற்று. ஒரு காட்சித் துணுக்கில் அக்கட்டடம் தோன்றினாலே கதை சென்னைக்கு வந்துவிட்டது என்று பொருள். பேருந்து நிறுத்தமும் 'எல்.ஐ.சி.' என்றே வழங்குகிறது.

ஈண்டு சட்டத்துக்கும் நினைவுக்கும் உள்ள முரண் தெளிவாகிறது. 2006-இல் 109 வயதான பரத் கட்டடம், வயதால் தகுதி பெற்றும் நகரத்தாரின் பேச்சில் இடம்பெறாது ஒதுங்கியிருந்தது. அது இடிக்கப்படுகிறது என்ற செய்தி வந்தபின்னரே பலர் அதன் பெயரை அறிந்தனர். எல்.ஐ.சி. கட்டடத்தையோ தமிழ்நாட்டின் கடைக்கோடிச் சிற்றூரிலுள்ளவரும் அறிவர். நூறாண்டு வரையறையின்படி 2059-க்கு முன் அது தொல்பழமைச் சின்னமாகக் கருதப்பட இயலாது. 1975-இல் அதற்கும் ஒரு தீவிபத்து நேர்ந்தது. பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. அதனைக் காத்தது சட்டமன்று, உரிமையாளர்க்கு அதனால் இருந்த பயனே. 1892-இல் எழுந்த உயர் நீதிமன்றமும் 1913-இல் எழுந்த ரிப்பன் மாளிகையும் தாம் கட்டப்பட்ட தொழிலையே தொடர்ந்து ஆற்றிவருவதனால் நிலைத்துள்ளன என்பதும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது.

சுதந்திரத்துக்குப் பிந்திய முதல் இருபது ஆண்டுகளில் எழுந்த திரையரங்குகள், வங்கிகள், கல்லூரிக் கூடங்கள், அரசுக் குடியிருப்புகள் பல இன்று இதே நிலையில் உள்ளன. அவற்றுக்கு வளைவுகளும் கோபுரங்களும் இல்லை, நூறாண்டும் ஆகவில்லை. மெட்ரோ தொடர்வண்டிப் பணிகளாலும் மனை விலை உயர்வாலும் அண்ணா சாலை மீண்டும் உருமாறிவரும் நிலையில், அவை பட்டியல் எதிலும் இடம்பெறாமலே ஒவ்வொன்றாக நீங்குகின்றன. பல திரையரங்குகளின் பெயர்கள் அவை நின்ற இடத்தின் பேருந்து நிறுத்தப் பெயர்களாக ஏற்கெனவே மாறிவிட்டன.